ஒற்றைக் கட்டில்

"என்னங்க இது, தும்மினாலே திறந்துக்கும் போலிருக்கே இந்தத் தாழ்ப்பாள்?"

மகன் கதவை ஆட்டிக் காட்டினான். அது கடகடவென்று ஆடியது.

"இந்த வாடகைக்கு இதுதான்" என்றாள் லாட்ஜ்காரி. கையில் கொத்துச் சாவி. முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை.

மகனுக்கு உத்தியோகமே இதுதான். இன்சூரன்ஸ் கேட்டு வருகிற கட்டடங்களை மேலும் கீழும் பார்த்து, எது எப்போது யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்து லாட்ஜ் என்றால் மட்டும் அந்தக் கண் சும்மா இருக்குமா? ஜன்னல் கம்பியை இழுத்துப் பார்த்தான். மெத்தையைத் தூக்கி மூட்டைப்பூச்சி தேடினான். குளியலறைத் தரையைக் காலால் தேய்த்தான்.

"ஈரமானா வழுக்குமே! அப்பா விழுந்து வெச்சா?"

"ரப்பர் விரிப்பு போடச் சொல்றேன்."

"ஒரு ராத்திரிதான் தங்கப்போறோம், இருந்தாலும் கேக்கறேன். ராத்திரி ஆள் இருப்பாங்களா? பக்கத்துல டாக்டர் உண்டா? சாப்பாடு ரூமுக்கே வருமா? அவருக்குக் காரம் ஆகாது."

பெரியவர் கட்டில் ஓரத்தில், தன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஞாபகம் தப்பிப்போன மனிதர்.

"ஏம்ப்பா, கிளம்பலாமா?"

"இப்பதானே மாமா வந்தோம். பேசாம படுங்க" என்றாள் மருமகள். மூக்கிலிருந்து கைக்குட்டையை அவள் இன்னும் எடுக்கவில்லை.

லாட்ஜ்காரி கட்டிலைப் பார்த்தாள். பெரியவர் மடியிலிருந்த பையைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"கார் சாவியைக் கொடுங்க. வண்டி வாசலை அடைச்சுக்கிட்டு நிக்குது. உள்ளே எடுத்து விடணும்."

கொடுத்தான். வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில், தலை நரைத்த ஓர் அம்மா டீ கொண்டு வந்தார். வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றார்.

"தம்பி, வர்ற வழியில வெள்ளை வேன் ஏதாவது பார்த்தீங்களா?"

"இல்லையே."

"சரி, வந்துடும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நகர்ந்தார்.

மருமகள் டீயை மோந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். "என்னங்க, அந்தப் பொம்பளை முழியே சரியில்லை. இந்த அம்மா என்னடான்னா வேன் வந்துச்சான்னு விசாரிக்குது. ஏதாவது கும்பலா இருக்குமோ?"

"நீ வேற!" என்று ஜன்னல் பக்கம் போனவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கார் உள்ளே பின்சுவரோடு ஒட்டி நின்றது. கேட்டில் சங்கிலி. சங்கிலியில் பூட்டு. அதுவும் பட்டப்பகலில்!

இரண்டு பேரும் கவுன்ட்டருக்கு ஓடினார்கள்.

"சாவி எங்கே?"

"என்கிட்டதான் இருக்கு."

"கொடுங்க. அப்பாவுக்கு மாத்திரை வாங்கணும்."

"பேரைச் சொல்லுங்க, ஆள் அனுப்பறேன்."

"வேண்டாம், நானே போறேன்."

"தாராளமா போங்க. உங்க வீட்டம்மா பெரியவர்கூட இருக்கட்டும்."

மருமகள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். "எனக்கும்... எனக்கும் கடையில வேலை இருக்கு."

"அப்போ பெரியவரையும் கூட்டிக்கிட்டுப் போங்க."

"அவருக்கு அலைச்சல் ஆகாதுன்னு சொல்றேன்ல!" மகனுக்கு ரத்தம் தலைக்கேறியது. "யாரைப் பிடிச்சுப் பூட்டி வெச்சிருக்கீங்க? போலீஸைக் கூப்பிடுவேன்!"

லாட்ஜ்காரி மேஜை மேலிருந்த போனை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"கூப்பிடுங்க சார்."

அவன் கை அசையவில்லை.

"நானே நம்பர் போட்டுத் தரட்டுமா?"

மகன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"தாழ்ப்பாளைப் பார்த்தீங்க. தரையைப் பார்த்தீங்க. டாக்டர் இருக்காரான்னுகூட விசாரிச்சீங்க. இப்படி ஒரு பிள்ளை யாருக்கு வாய்க்கும்னு நானே அசந்துட்டேன். ஆனா ரூம்ல இருக்கறது ஒத்தைக் கட்டில். மூணு பேர் எங்கே படுக்கறதுன்னு ரெண்டு பேருமே கேக்கலையே?"

மகன் வாசல் பக்கம் பார்வையைத் திருப்பினான்.

"உங்க பெட்டியெல்லாம் காருக்குள்ளேயே இருக்கு. இறங்கினது அவர் பை ஒண்ணுதான்."

மருமகளுக்கு அழுகை வந்துவிட்டது. "அவரை வெச்சுக்கிட்டு நாங்க படற பாடு உங்களுக்குத் தெரியாது."

"நல்ல இடமான்னு பார்த்துட்டுத்தானே..." என்று ஆரம்பித்த மகன் பாதியிலேயே நிறுத்திக்கொண்டான்.

வராந்தாவில் செருப்புச் சத்தம். பெரியவர் பையோடு வந்து நின்றார்.

"ஏம்ப்பா, கிளம்பலாமா?"

லாட்ஜ்காரி சாவியை எடுத்தாள். மகனிடம் கொடுக்காமல், பெரியவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். அவள் முகத்தில் இப்போதுதான் சிரிப்பைப் பார்க்க முடிந்தது.

"கிளம்பலாம் ஐயா. மூணு பேருமா."

பெரியவர் சந்தோஷமாகக் காரை நோக்கி நடந்தார். மகன் நின்ற இடத்திலேயே நின்றான். லாட்ஜ்காரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"டீ கொண்டு வந்தாங்களே ஒரு அம்மா, வெள்ளை வேன் பார்த்தீங்களான்னு கேட்டாங்களே... அது அவங்க பிள்ளையோட வேன். அதுவும் மாத்திரை வாங்கத்தான் போச்சு."