இருநூற்றுப் பதினொன்று

1967 நவம்பர் 14. காலை முதல் விடாத தூறல். குண்டுவீச்சுக்கு அஞ்சி ஹனோயிலிருந்து காட்டுக்கு இடம்பெயர்ந்த கணிதத் துறையின் மூங்கில் குடிலில், மியென் தன் ஆய்வேட்டை வாழையிலையில் பத்திரமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். நாளை தேர்வாளர் முன் அதை அவள் நிலைநாட்ட வேண்டும். ஐந்து கோடியே அறுபது லட்சத்து ஐம்பத்திரண்டாயிரத்து முந்நூற்று அறுபத்தொன்று ஒரு பகா எண் என்பதன்மீதே அதன் ஒவ்வொரு பக்கமும் நிற்கிறது. பகா எண்ணை இனங்காண அவள் செய்த அடுக்குச் சோதனைகள் அனைத்திலும் அவ்வெண் தேறியது; அரிதாகச் சில பகு எண்களும் அவற்றில் தேறிவிடும் என்பதால் வகுத்தும் பார்த்தாள். நூற்றுத் தொண்ணூற்றொன்பது வரையுள்ள எந்தப் பகா எண்ணாலும் வகுபடவில்லை. அத்துடன் பங்கீட்டுக் காகிதம் தீர்ந்தது. இப்போது கரி பூசிய பலகையில் சக ஆய்வாளர் தோவான் பொழுதுபோக்காக வகுத்துக்கொண்டிருக்கிறார். சுண்ணக்கட்டியின் கீச்சொலி திடீரென நிற்கிறது.

"என்னண்ணே, நின்னுக்கிட்டே தூங்கிட்டீங்களா?"

"தங்கச்சி, இருநூத்திப் பதினொண்ணால வகுத்துப் பாத்தியா?"

"அதுக்கு முந்தினதோட காகிதம் முடிஞ்சுபோச்சே. ஏன்?"

அவர் விலகி நிற்கிறார். பலகையின் அடியில் மீதி பூச்சியம்.

"தப்பா வகுத்திருப்பீங்க. நேத்து சோத்தையே உங்களுக்கு ரெண்டு பங்கா வகுக்கத் தெரியல."

அவர் சிரிக்கவில்லை. அவள் ஈவை இருநூற்றுப் பதினொன்றால் பெருக்குகிறாள். வலமிருந்து இடமாக, இலக்கம் இலக்கமாக, அவளுடைய எண்ணே திரும்பி வருகிறது. கூரையிலிருந்து சொட்டும் நீர் பலகையில் விழுந்து கடைசி ஒன்றைக் கரைக்கிறது. அவள் அதை மீண்டும் எழுதுகிறாள். தோவானின் கைக்கடிகாரத்தில் அப்போது மாலை மணி நான்கு பதினேழு.