வயசானா அப்படித்தான்

அந்த முதியோர் இல்லத்தில் மனநல மாத்திரை சாப்பிடும் ஒருவருக்கும் பக்கவிளைவே கிடையாது என்று இல்லத்து டாக்டர் மாதம் தவறாமல் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். மாத்திரை தயாரித்தவன்கூட அதை இவ்வளவு நம்பியிருக்க மாட்டான். அந்த அதிசயத்தைப் பார்க்கத்தான் தலைநகர் பெல்கிரேடிலிருந்து சுகாதார அதிகாரி லியூபிட்சா வந்திருந்தார்.

எல்லோரையும்போல வாசலில் ஷூவைக் கழற்றி, இல்லத்துச் செருப்பை மாட்டிக்கொண்டு கூடத்துக்குள் போனார். நாற்காலியில் தலை நரைத்த ஒருவர் சரிந்து கிடந்தார். வாயோரம் எச்சில். லியூபிட்சா தோளை உலுக்கியதும் நாக்கு குழறியது.

"இவருக்கு எப்பலேருந்து இப்படி?"

"காலையிலேருந்துதாம்மா," என்றாள் பக்கத்தில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த தெசாங்கா கிழவி.

"கண்ணு சொருகுது, கை நடுங்குது. இதுக்குப் பேர் பக்கவிளைவு இல்லையா? எங்கே அந்த டாக்டர்? கூப்பிடுங்க அந்த மகானை."

"அவரைத்தானேம்மா உலுக்கிக்கிட்டு இருக்கே."

லியூபிட்சா சட்டென்று கையை எடுத்தார். நாற்காலிக்காரர் காலிலும் அதே இல்லத்துச் செருப்பு.

"வந்தவங்களுக்குக் காப்பி குடுக்காம விடறது நம்ம வழக்கமா?" என்றாள் கிழவி. "இவருக்கும் குடுத்தேன். என் மாத்திரையில ரெண்டைப் பொடி பண்ணிப் போட்டுத்தான்."

"ஐயோ, ஏம்மா?"

"நாங்க இப்படிக் கிடந்தப்போ, மாத்திரையால இல்லை, வயசானா அப்படித்தான்னார்."

தெசாங்கா பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பாவம், வரும்போது நல்லாத்தான் இருந்தார். ஒரே காப்பியில எங்க வயசுக்கு வந்துட்டார்."