மிதித்தால் பேசும் றேடியோ

"மிதி மலர், நிப்பாட்டினா றேடியோ செத்துப்போகும்" என்றான் அல்பேர்ட். காலைச் செய்தி தொடங்கியிருந்தது.

புனிதமலர் ஸ்டாண்டில் நின்ற சைக்கிளை மிதித்தாள். சில்லில் உரசிய டைனமோவிலிருந்து வயர் றேடியோவுக்குப் போனது. சண்டையால் வன்னிக்குள் பற்றறி கொண்டுவரத் தடை என்பதால் அவள் புருஷன் அல்பேர்ட் கண்டுபிடித்த வித்தை. ஒட்டுசுட்டான் ஊரே வந்து பார்த்து மெச்சியது. அதன்பிறகு அவனிடம் பற்றறி கேட்டு ஒருவரும் வருவதில்லை.

அவளுடைய அப்பா மட்டும் போன கிழமை வந்தார்.

"தம்பி, ரோச் லைற்றுக்கு ரெண்டு பற்றறி இருக்குமோ? இரவில வயலுக்க யானை இறங்குது."

"இருந்தா உங்கட மகளை இப்பிடி மிதிக்க விடுவனோ, மாமா?"

மகளின் வியர்வையைப் பார்த்தவர் திரும்பிப் போனார்.

இப்போது படலையைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டு நிறஞ்சனா ஓடிவந்தாள்.

"அக்கா! ராத்திரி உங்கட அப்பாவை யானை அடிச்சுப் போட்டுது! ரோச் இல்லாமல் போனவர், அது கிட்ட நிண்டது தெரியேல்லைப் போல... ஆள் முடிஞ்சுது அக்கா!"

புனிதமலரின் கால்கள் நின்றன. சில்லும் சுற்றி ஓய்ந்தது.

றேடியோ மட்டும் குரல் குறையாமல் செய்தி வாசித்துக்கொண்டேயிருந்தது.

அல்பேர்ட் பாய்ந்து போய் அதை நிறுத்தினான்.