ஆயிரம் அடிக் காற்று

வானத்துக்கு விலை இல்லை என்பவர்கள் டெனிஸிடம் விசாரித்துப் பார்க்கட்டும்; ஆயிரம் அடி வெறும் காற்றுக்கு அவனுடைய விமானி வேலையையே விலையாகக் கேட்கிறார்கள். விசாரணையின் முடிவு இன்று மாலை வரவேண்டும். அவனுடைய ஊரான புளத்கொகுபிட்டிய மலையில் கைப்பேசிக்கு சிக்னல் கிடைப்பது தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில்தான் என்பதால், இஸ்திரி போட்ட சட்டையோடு அங்கே வாங்கில் உட்கார்ந்திருக்கிறான். கூரைத் தகரத்தில் மழை தட்டுகிறது. ஈரக் கொழுந்தின் வாசம் மூக்கை அடைக்கிறது. கொழுந்து பறிக்கும் மெரினா தன் சாக்கைத் தராசில் மாட்ட, முள் நடுங்கி நிற்கிறது. "பதினெட்டு" என்கிறார் கணக்கப்பிள்ளை. அவள் வழக்கம்போல அதைத் திருப்பிச் சொல்வதற்குள், டெனிஸின் விரல் தானாக நீண்டு முள்ளைக் காட்டுகிறது. வாயும் "பதினெட்டு" என்கிறது. "என்னங்க தம்பி, கணக்கப்பிள்ளை மேல எங்களுக்கே இல்லாத சந்தேகம் உங்களுக்கு?" என்கிறாள் மெரினா. மடுவமே சிரிக்கிறது. அவனும் சிரிக்கிறான், கொஞ்சம் பிந்தி. விமானத்திலும் இதுதான் முறை: ஒருவர் உயரத்தைத் திருகி வைத்தால், மற்றவர் விரல் நீட்டி அதைப் படித்துச் சொல்லவேண்டும். அன்று தரைக் கட்டுப்பாட்டு அறை சொன்ன முப்பத்தோராயிரம் அடிக்குப் பதில் முப்பத்திரண்டாயிரம் என்று திருகிவிட்டான். கேப்டன் கோப்பியைப் பார்த்துக்கொண்டே "சரி" என்றார். சொல்பேச்சுத் தட்டாத இயந்திரம் பேசாமல் ஏறியது.

சாக்குகள் லொறியில் போய்விடுகின்றன. பெண்கள் லயத்து வீடுகளுக்கு இறங்குகிறார்கள். கைப்பேசி முழங்காலில் சத்தமில்லாமல் கிடக்கிறது. ஆளில்லாத மடுவத்தில் டெனிஸ் தராசை நோக்கி விரல் நீட்டி, "பூச்சியம்" என்கிறான். திருப்பிச் சொல்ல யாருமில்லை. தராசின் கணக்கு நேர்; அவன் கணக்கில் ஆயிரம் அடி பாக்கி.