துடைத்த தட்டு

“மூண்டு நேரமும் தட்டைத் துடைச்ச மாதிரிச் சாப்பிடுறார், டொக்டர். ஆனால் ஒரு கிழமைக்குள்ள ரெண்டு கிலோ குறைஞ்சிட்டுது” என்றாள் தாதி நுஹா.

டொக்டர் நிரூபன் எடை எழுதிய அட்டையை மறுபடி பார்த்தார். அடம்பன் ஊர்க் கனகசூரியருக்கு எண்பத்துநாலு வயது. நிமோனியாவோடு வந்தவர், எலும்பும் தோலுமாகக் கட்டிலில் கிடந்தார். இவ்வளவு சாப்பிட்டும் உடம்பு உருகுகிறதென்றால், உள்ளே ஏதோ பொல்லாத வருத்தம்தான்.

“யாழ்ப்பாணம் அனுப்பி ஸ்கான் எடுக்கவேணும். புற்றுநோயாயும் இருக்கலாம்” என்றார் கிழவரின் மகள் இராசேஸ்வரியிடம்.

“ஐயோ, இந்த உடம்பு அவ்வளவு தூரம் தாங்குமோ?” என்று அவள் கண்ணைக் கசக்கினாள்.

கனகசூரியர் மட்டும் யன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நிரூபன் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பும் கடிதத்தை எழுதி முடிக்கவும் மத்தியானச் சாப்பாடு வரவும் சரியாக இருந்தது. கிழவர் எப்படித்தான் சாப்பிடுகிறார், பார்த்துவிடலாம் என்று கட்டிலருகே போய் நின்றார்.

கனகசூரியர் தட்டைத் தூக்கி யன்னல்படியில் வைத்தார். வெளியிலிருந்து ஒரு கழுதை தலையை உள்ளே விட்டது. கண்மூடித் திறப்பதற்குள் தட்டு பளபளத்தது.

“அப்பா!”

“உப்பளத்துக்குப் பக்கத்தில இருந்துகொண்டு, பிறஷர் எண்டு ஒரு கல்லு உப்புப் போடாமல் தருகினம், பிள்ளை. மனிசர் தின்னேலுமோ?”

நிரூபன் வாயைப் பிளந்து நிற்க, கழுதை அவர் கையிலிருந்த கடிதத்தையும் இழுத்து மெல்லத் தொடங்கியது.

“அதிலயும் உப்பில்லைப்போல, டொக்டர்” என்றார் கனகசூரியர். “விரும்பித் தின்னுது.”