நடுவில் ஒரு வெளிச்சம்

புத்தளத்துக் கல்யாண மண்டபத்தின் மேடைத் திரையில் நளீம் வானம் தீட்டினான். மாப்பிள்ளையும் மணப்பெண்ணும் எடுப்பாகத் தெரிய, இருவர் தலை வரும் இடங்களை மட்டும் வெளிறவிட்டு, சுற்றிலும் மேகத்தைக் கறுப்பாக்கினான்.

சாப்பிட்டு வந்து பார்த்தால், நடுவில் மூன்றாவது வெளிச்சம்.

"நீதானே பூசின?" என்றான், சாயம் கலக்கும் மனைவி பரீனாவிடம்.

"எனக்கு வேற வேலையில்லையா? நான் பிரஷ்ஷையே தொடல்ல."

அவன் நம்பவில்லை. கறுப்பால் மூடி, மண்டபத்தைப் பூட்டி, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டான். விடிந்து திறந்தபோது அது மறுபடி வெளிறியிருந்தது.

கல்யாணத்தில் படம் எடுப்பவர் கமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "மாப்பிள்ள, கொஞ்சம் தள்ளி இருங்க. நடுவில இருக்கிறவர்ட முகம் மறையிது."

மாப்பிள்ளை விழித்தான். நளீம் மணப்பெண்ணைப் பார்த்தான். அவள் முன்பே தள்ளி உட்கார்ந்து, நடுவில் இடம் விட்டிருந்தாள்.