தாராளமா தனியா ஓட்டலாம்

"இன்னும் ஒரு வாரம் மட்டும் கூட வந்துடுங்க தம்பி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நாற்பதைத் தாண்டிய ஆம்பளை இப்படிக் கெஞ்சினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? லாரி ஷெட்டில் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

புது டிரைவருக்கு மானம் போனதுதான் மிச்சம். மனுஷன் இத்தனை வருஷம் ஆட்டோ ஓட்டிப் பிழைத்தவர். அது இனி வேலைக்கு ஆகாது என்று ஆன பிறகுதான் லாரிக்கு வந்தார். கூட உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவன் வயதில் சின்னவன், தொழிலில் கெட்டிக்காரன். வாயைத் திறந்தால் இனிப்புத்தான் கொட்டும். ஷெட்டில் அவனுக்குப் பேரே சர்க்கரை.

"என்னண்ணே நீங்க, முதல் நாள் பள்ளிக்கூடம் போற புள்ள மாதிரி அழுவுறீங்க. நீங்கதான் என்னிக்கோ தேறிட்டீங்களே. தாராளமா தனியா ஓட்டலாம்."

"நேத்து இறக்கத்துல நடந்ததை மறந்துட்டீங்களா தம்பி?"

சர்க்கரை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அது எல்லாருக்கும் நடக்கிறதுதாண்ணே. அதையெல்லாம் மேனேஜர் காதுல போட்டு வைக்காதீங்க."

நேற்று நடந்தது இதுதான். சிமெண்டு லோடு. ஊருக்குள் செங்குத்தாக இறங்கும் ரோடு. இறக்கத்தின் தலைப்பிலேயே கியரைக் குறைத்துவிட்டு, அந்தக் கியரிலேயே வண்டியைப் பிடித்து மெல்ல இறக்க வேண்டும். நடுவில் மாற்றவே கூடாது. இவர் ஆட்டோ பழக்கத்தில் பாதி இறக்கத்தில் கியரில் கை வைத்தார். இருந்த கியர் கழன்றது, அடுத்தது விழவில்லை. கரகரவென்று சத்தம் மட்டும் வந்தது. லாரி தன்பாட்டுக்கு உருள ஆரம்பித்தது.

கீழே முனையில் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். பிரேக்குக்குப் போக வேண்டிய கால் மரக்கட்டையாகிவிட்டது. சர்க்கரை பாய்ந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்ததால்தான் வண்டி நின்றது.

இன்றும் அதே லோடு, அதே ரோடு, அதே நேரம். சர்க்கரை மட்டும் பக்கத்தில் இருக்க மாட்டான்.

காலையில் வீட்டில் சொல்லிப் பார்த்தார். பெண்டாட்டி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவே இல்லை.

"அவ்வளவு அனுபவம் உள்ள தம்பியே உங்களை நம்புது. உங்களுக்கென்ன கேடு? வீட்டுல சும்மா உட்கார்ந்து ருசி கண்டுட்டீங்க, அதான்."

பாவம், அவளைச் சொல்லியும் குற்றமில்லை. வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே.

மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் போய் நின்றார்கள்.

"ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவர்னு எத்தனை நாள்ப்பா ஓட்டுறது? ஆள் தேறிட்டாரா இல்லையா? இல்லேன்னா சொல்லிடு, வெளியில வரிசையில நிக்கிறாங்க."

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க?" என்றான் சர்க்கரை. "இன்னும் கொஞ்ச நாள் போனா அண்ணன் எனக்கே சொல்லிக் கொடுப்பார்."

மேனேஜர் இவர் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

உண்மை நுனிநாக்கு வரைக்கும் வந்தது. வெளியில் வரிசையில் நிற்கிறவர்களும் ஞாபகத்துக்கு வந்தார்கள். சர்க்கரையைப் பார்த்தார். 'சொல்லுங்கண்ணே' என்பது போல அவன் தலையாட்டினான்.

"ஓட்டிடுவேன் சார்."

"அப்புறம் என்ன? சர்க்கரை, உனக்குச் சொன்ன புது வண்டி நாளைக்கு வந்துடும். நீயே எடுத்துக்கோ."

வெளியே வந்ததும் சர்க்கரை அவர் தோளில் கை போட்டான். "மனசைப் போட்டு உழப்பிக்காதீங்கண்ணே. பக்கத்துல ஆள் இருக்கிற வரைக்கும்தான் பயம். தனியா உட்கார்ந்தா தன்னால கை வந்துடும். நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்."

அந்தப் பேச்சு நெஞ்சில் பால் வார்த்தது. கூடப் பிறந்தவன்கூட இப்படித் தாங்கிப் பிடிக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டார். ஊரே சிரிக்கிறது, கட்டியவளே இடிக்கிறாள், இந்த ஒருத்தன்தான் நம்புகிறான். தொழில் தெரிந்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நமக்குத்தான் வீண் பயம்.

லாரியில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். கியரைப் போட்டுப் பார்த்தார், கரகரப்பில்லாமல் விழுந்தது. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

கிளம்பப் போகிற நேரத்தில்தான், பின் டயருக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுக்கவில்லையே என்று உறைத்தது. தன்னையே திட்டிக்கொண்டு இறங்கினார். பின்னால் போய்க் குனிந்து கட்டையை உருவினார்.

லாரிக்கு அந்தப் பக்கம் இரண்டு கால்கள் தெரிந்தன. சர்க்கரையின் செருப்பு. வழியனுப்ப நிற்கிறான் போல. ஒரு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று வாயெடுத்தார். அதற்குள் அவன் போனில் பேசுவது கேட்டது. அடங்கிய குரல், ஆனால் ஒரு வார்த்தை தப்பாமல் காதில் விழுந்தது.

"ஏண்டி, ஏன் எதுக்குன்னு கேட்காம சொன்னதைச் செய். பள்ளிக்கூடம் விடுறதுக்கு முன்னாடியே போய், காய்ச்சல் கீய்ச்சல்னு ஏதாவது சொல்லி, பாப்பாவைக் கூட்டிட்டு வீட்டுக்கு வந்துடு. அந்தாளு இன்னிக்கு இறக்கத்துல தனியா வர்றான்."